ஷியாமெனில் ஒரு செமஸ்டர்: எந்தப் பண்பாட்டு வகுப்பில் சேரலாம், எந்தப் பயணத்துக்குப் போகலாம்?

மதுரையிலிருந்து ஒரு மாணவர் கேட்டிருக்கிறார். செப்டம்பரில் ஒரு செமஸ்டர் சீன மொழி படிக்க ஃபூஜியன் மாகாணத்தின் ஷியாமென் நகருக்குப் போகிறாராம். மொழி வகுப்போடு 'பண்பாட்டு அனுபவம்' என்று ஒரு பட்டியலும் வந்திருக்கிறது. தூரிகை எழுத்து, தேநீர், காகித வெட்டு, முடிச்சுக் கலை, தாய்ச்சி, ஜியாவ்ஸி (சீனக் கொழுக்கட்டை) பிடிப்பது, பொம்மலாட்டம், பழங்கால உடை என எட்டு வகுப்புகள். அப்புறம் வார இறுதிப் பயணங்கள் நான்கு. எல்லாவற்றிலும் சேர நேரமும் இல்லை, பணமும் இல்லை. எதை எடுப்பது? இதெல்லாம் ஏதாவது கற்றுத் தருமா, இல்லை போட்டோவுக்குத்தானா? இதுதான் கேள்வி.

நான் கிரானைட் ஏற்றுமதி வேலையாக அங்கே போனவன். கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து எங்கள் கம்பெனி அனுப்பும் கற்பாளங்கள் ஷியாமென் துறைமுகத்தில்தான் இறங்கும். முதல் வருஷம் உங்களைப் போலவே மொழி வகுப்பில் உட்கார்ந்தேன், அப்புறம் ஆறு வருஷம் அந்த ஊரிலேயே ஓடிவிட்டது. எனவே கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

சுருக்கமான பதில் இது: எட்டில் இரண்டை எடுங்கள், செமஸ்டர் முழுக்க விடாமல் போங்கள். பயணங்களில், அந்த இரண்டும் நிஜ வாழ்க்கையில் புழங்கும் இடத்துக்குக் கூட்டிப் போகிற பயணத்தை மட்டும் எடுங்கள்.

இப்படிச் சொல்வதற்குக் காரணம் நான் போன முதல் வகுப்பு. விசிறியில் ஓவியம் தீட்டுவது. நாற்பது பேர், முக்கால் மணி நேரம். ஆளுக்கு ஒரு காகித விசிறி, ஒரு தூரிகை. ஆசிரியை முன்னால் நின்று மூங்கில் இலை ஒன்றை அரை நிமிடத்தில் போட்டுக் காட்டினார். நாங்கள் வெண்டைக்காய் மாதிரி ஏதோ வரைந்தோம். எல்லோரும் விசிறியை முகத்துக்கு நேரே பிடித்துக் குழுப் படம் எடுத்துக்கொண்டோம், முடிந்தது. அந்த விசிறி எங்கே போனது என்றுகூட இப்போது தெரியாது. ஆசிரியையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாற்பது பேரை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரத்தில் வேறு என்னதான் செய்ய முடியும்? கைவேலை என்றால் ஒரு தடவை கெடுத்து, இரண்டாம் தடவையும் கெடுத்து, ஏன் கெட்டது என்று மூன்றாம் தடவை கைக்கு உறைக்க வேண்டும். அந்த மூன்றாம் தடவைக்கு இடம் கொடுக்காத வகுப்புக்குப் பணம் கட்டாதீர்கள்.

சரி, எந்த இரண்டு? என்னைக் கேட்டால் தூரிகை எழுத்தும் தேநீரும்.

தூரிகை எழுத்தைச் சீனத்தில் ஷூஃபா என்பார்கள். நீங்கள் எப்படியும் எழுத்துகளைப் படிக்கத்தான் போகிறீர்கள், அதனால் இது தனிச் சுமை இல்லை. பேனாவில் எழுதும்போது எந்தக் கோடு முதலில், எந்தக் கோடு அடுத்தது என்ற வரிசை வெறும் விதியாகத் தெரியும், மனப்பாடம் செய்வோம், மறப்போம். தூரிகையைப் பிடித்தால்தான் அந்த வரிசை ஏன் வந்தது என்று புரியும். ஒரு கோடு முடியும் இடத்தில் நுனி எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறதோ, அங்கிருந்துதான் அடுத்த கோடு பிறக்கும். வரிசையை மாற்றினால் எழுத்து கை உடைந்த பொம்மை மாதிரி இருக்கும்.

தூரிகையைச் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். பால்பாயின்ட் பேனாவில் பழகிய நம் கை சாய்த்துத்தான் பிடிக்கும், மணிக்கட்டை மேஜையில் ஊன்றும். அதை விடுவிக்கவே இரண்டு வாரம் ஆகும். முதல் பாடம் படுக்கைக் கோடு, பெயர் 'ஹெங்'. சீனத்தில் ஒன்று என்ற எண்ணே ஒரு ஹெங்தான். ஆக மூன்று வாரம் ஒன்று, ஒன்று, ஒன்று என்றே எழுதிக்கொண்டிருந்தேன். பார்க்க ஒரு கோடு. ஆனால் தொடங்கும் இடத்தில் நுனியை முதலில் எதிர்ப்பக்கம் இம்மியளவு தள்ளி மடக்க வேண்டும், அப்புறம் வலப்பக்கம் இழுக்க வேண்டும், முடிவில் அழுத்தி மறுபடி உள்ளே திரும்ப வேண்டும். ஒழுங்காக வந்தால் இரண்டு முனையும் எலும்பு மூட்டு மாதிரி இருக்கும். இதுவரை என் ஒன்று எதற்கும் அந்த மூட்டு முழுசாக வந்ததில்லை. அதற்கு அடுத்து 'யொங்' என்ற எழுத்துக்கு வருவார்கள். 'என்றும்' என்று பொருள். அடிப்படைக் கோடுகள் எட்டும் அந்த ஒரே எழுத்தில் இருப்பதால் நூற்றாண்டுகளாக அதை வைத்துத்தான் பழக்குகிறார்கள். சரியாக வந்த எழுத்தைச் சுற்றி ஆசிரியர் சிவப்பு மையில் ஒரு வட்டம் போடுவார். ஒரு தாள் முழுக்க எழுதி ஒரே ஒரு சிவப்பு வட்டம் வாங்கிய நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

பொருட்களுக்குச் செலவு அதிகமில்லை. மஞ்சளாக இருக்கும் மூங்கில் தாள் ஒரு கட்டு, புட்டி மை, நடுத்தரத் தூரிகை ஒன்று போதும். ஆன்ஹுயி மாகாணத்து ஷுவான் தாள் ரொம்ப உசத்தி, ஆனால் மையை விட்டவுடன் குடித்துவிடும், கை தயங்கிய இடமெல்லாம் பொட்டுப் பொட்டாகக் காட்டிக் கொடுக்கும். அது பிறகு. மைக்கட்டியைக் கல்லில் உரசி மை எடுப்பதை மட்டும் ஒரு தடவையாவது செய்து பாருங்கள். புகைக்கரியை மிருகப் பசையோடு, அதாவது நம் ஊர்த் தச்சர்களின் வஜ்ஜிரம் மாதிரியான பசையோடு பிசைந்து காயவைத்த கட்டி அது. சொட்டுத் தண்ணீர் விட்டு நிதானமாக உரசினால் பத்து நிமிடத்தில் ஒரு கரண்டி மை கிடைக்கும். புகைக்கரியைப் பிடித்து மை செய்வது நம் வீட்டுக் கண்மைக்கும் பொதுதான் என்று வகுப்பில் சொன்னேன், ஆசிரியர் அதைக் குறித்துக்கொண்டார்.

வகுப்புக்கு வெளியே பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று இலவசம்: அதிகாலையில் பூங்காவுக்குப் போனால் வயதானவர்கள் ஆளுயரத் தூரிகையைத் தண்ணீரில் தோய்த்துத் தரைக்கல்லில் கவிதை எழுதிக்கொண்டிருப்பார்கள். முதல் வரி காய்ந்து மறையும்போது நான்காம் வரி ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்தில் போய் நின்றால் தூரிகையை உங்களிடம் நீட்டுவார்கள். வாங்கி எழுதுங்கள். தப்பாக எழுதினாலும் ஐந்து நிமிடத்தில் தானே போய்விடும்.

இன்னொன்று லுவோயாங் பாலம். இது பக்கத்து நகரமான சுவான்ஜோவின் ஓரத்தில், லுவோயாங் ஆறு கடலில் சேரும் இடத்தில் இருக்கிறது. 1053இல் தொடங்கி 1059இல் முடித்த கற்பாலம். அலையும் ஏற்றவற்றமும் அடிக்கிற இடம் என்பதால், தூண்களின் அடிக்கற்களில் சிப்பிகளை வளரவிட்டு, அவற்றின் ஓட்டாலேயே கற்களை ஒன்றோடொன்று பிணைத்தார்கள். கல்தொழில்காரன் என்பதால் எனக்கு அங்கே நின்றால் நேரம் போவதே தெரியாது. ஆனால் உங்களை அங்கே போகச் சொல்வதற்குக் காரணம் வேறு. அந்தப் பாலத்தைக் கட்டி முடித்த அதிகாரியின் பெயர் சாய் ஷியாங். சொங் அரசமரபுக் காலத்தின் தலைசிறந்த நான்கு தூரிகை எழுத்தாளர்களில் ஒருவராக வைக்கப்படுபவர் அவர்தான். பாலம் கட்டிய விவரத்தை 153 எழுத்துகளில் அவரே எழுதி, கல்லில் வெட்டி நிறுத்தினார். பாலத்துக்குப் பக்கத்தில் அவருக்கு இருக்கும் சிறு கோயிலில் அதைப் பார்க்கலாம். இரண்டு மாதம் ஹெங் போட்டுவிட்டு அந்தக் கல்லின் முன்னால் போய் நில்லுங்கள். போன வருஷம் வரை வெறும் கீறலாகத் தெரிந்திருக்கக்கூடிய இடத்தில், எங்கே அழுத்தினார், எங்கே நுனியை ஒளித்தார் என்று கண் தேட ஆரம்பிக்கும்.

முடிந்தால் கல்லெழுத்தைத் தாளில் ஒற்றியெடுக்கும் பயிற்சியும் கேளுங்கள். அதற்குப் பெயர் தாபியன். ஈரத்தாளைக் கல்லின் மேல் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துக் குழிக்குள் இறக்கி, அரைகுறையாகக் காய்ந்ததும் துணிப்பொதியில் மை தொட்டு ஒற்றுவார்கள். எழுத்து வெள்ளையாகவும் சுற்றிலும் கறுப்பாகவும் வரும். நம் கல்வெட்டுத் துறையினர் கோயில் சுவரில் எடுக்கும் மைப்படியும் இதே முறைதான். மூலக்கல்லைத் தொட விடமாட்டார்கள், மாணவர்களுக்கு நகல் பலகை தருவார்கள். அதில் செய்தாலும் ருசி ஒன்றுதான்.

இனி தேநீர். சாய் ஷியாங் தேநீரைப் பற்றியும் ஒரு நூல் எழுதியவர் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். அந்த மாகாணமே அப்படி. தேயிலை, தேநீர் என்று நாம் சொல்கிறோமே, அந்த 'தே'யும் தெற்கு ஃபூஜியன் மக்கள் இன்றும் வாயால் சொல்லும் 'தே'தான். ஐரோப்பியக் கப்பல்களில் ஏறிச் சுற்றிக்கொண்டு நம்மிடம் வந்தது. சீனாவின் மற்ற பகுதிகளில் 'சா'. 'சாயா' அந்த வழியில் வந்தது.

அங்கே சொல்லித் தரும் முறை கொங்ஃபு தே. கைவான் என்ற மூடியுள்ள கிண்ணம், அடியில் தட்டு, சுற்றிலும் ஒரு வாய் கொள்ளும் குட்டிக் கோப்பைகள். ஏழெட்டுக் கிராம் இலைக்கு நூறு மில்லி சொச்சம் தண்ணீர். நம் கணக்கில் அநியாயத்துக்குத் தூள் அதிகம். கொதிநீரை ஊற்றி முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இரண்டாவதிலிருந்து சில நொடிகளிலேயே வடித்துவிட வேண்டும். அதே இலையில் ஆறேழு தடவை. ஒவ்வொரு தடவையும் வாசனை கொஞ்சம் மாறும், மூடியின் உட்புறத்தை முகர்ந்து பார்த்துப் பேசிக்கொள்வார்கள். கோப்பைகளில் ஊற்றுவதற்கே இரண்டு பெயர் உண்டு. எல்லாக் கோப்பைக்கும் திடம் சமமாக வருமாறு சுற்றிச் சுற்றி ஊற்றுவது 'குவான் கொங் நகர்வலம்'. கடைசிச் சொட்டுகளைக் கோப்பைக்கு ஒன்றாகப் பங்கிடுவது 'ஹான் ஷின் படை எண்ணுவது'. இரண்டு பேரும் அவர்களுடைய பழைய தளபதிகள்.

கைவானின் விளிம்பை இரண்டு விரலால் பிடித்து மூடியை இன்னொரு விரலால் அழுத்தி வடிக்க வேண்டும். முதல் மாதம் விரல் சுடும், கீழே போடுவீர்கள். நான் போட்டிருக்கிறேன். விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினால்தான் சுடும் என்று பிறகுதான் புரிந்தது. அளவு என்பதை அந்த ஊர் இப்படித்தான் கற்றுக் கொடுக்கும். கோப்பையிலும் முக்கால் பங்குக்கு மேல் ஊற்றக் கூடாது. வழிய வழிய ஊற்றினால் நமக்கு அது உபசாரம், அவர்களுக்கு 'குடித்துவிட்டுக் கிளம்பு' என்று சொல்வது போல. என் முதலாளியின் மேஜையில் ஒரு வாடிக்கையாளருக்கு நான் பாசத்தோடு தளும்ப ஊற்றி, எல்லோரும் ஒரு கணம் பேச்சை நிறுத்திய அனுபவம் உண்டு. உங்களுக்கு யாராவது ஊற்றினால் இரண்டு விரலால் மேஜையை லேசாகத் தட்டுங்கள், அது நன்றி. மாறுவேடத்தில் போன சியன்லொங் பேரரசர் தன் பணியாளுக்குத் தேநீர் ஊற்ற, மண்டியிட முடியாத பணியாள் விரலை மடக்கித் தட்டினான் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, பழக்கம் நிஜம். கல் வியாபாரத்தில் விலை பேசும் இடமே இந்தத் தேநீர் மேஜைதான் என்பதால், மொழி வகுப்பில் கற்றதை விட இதில் கற்றது எனக்கு அதிகம் சோறு போட்டது.

இதோடு சேரும் பயணம் ஆன்ஷி. சுவான்ஜோவுக்கு உட்பட்ட மலைப்பகுதி, தியெகுவான்யின் தேயிலையின் சொந்த ஊர். 2022இல் ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் அந்தத் தேயிலை வேளாண்மையை உலக வேளாண் மரபுப் பட்டியலில் சேர்த்தது. இலையுதிர்கால அறுவடை அக்டோபர் வாக்கில் வரும், உங்கள் செமஸ்டருக்குப் பொருந்தும். ஒரு எச்சரிக்கை: சில பயணங்களில் மூங்கில் தொப்பி போட்டு, இடுப்பில் கூடை கட்டி, அரை மணி நேரம் இலை பறிக்கவிட்டுத் திருப்பிக் கூட்டி வந்துவிடுவார்கள். நாம் நீலகிரியும் வால்பாறையும் பார்த்தவர்கள், இலை பறிப்பதைப் பார்க்கச் சீனா போக வேண்டாம். அங்கே பார்க்க வேண்டியது பறித்த பிறகு நடப்பது. இலையை மாலை வெயிலில் வாட்டி, மூங்கில் உருளையில் போட்டு உருட்டுவார்கள், ஆறவிடுவார்கள், மறுபடி உருட்டுவார்கள். இரவு முழுக்க இதுதான். இலையின் ஓரம் கசங்கிச் சிவக்கும், பச்சை வாசனை போய்ப் பூ வாசனை ஏறும். எப்போது நிறுத்துவது என்பதை மூக்குதான் சொல்லும். அப்புறம் வறுத்து, துணியில் மூட்டையாகக் கட்டித் திரும்பத் திரும்ப உருட்டிப் பிசைவார்கள். அதனால்தான் அந்த இலை குட்டிக் குட்டி உருண்டையாக வருகிறது. இரவு தங்கும் பயணமா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் பணம் கட்டுங்கள்.

வகுப்புப் பட்டியலில் இல்லாத ஒன்று உங்களுக்குச் சும்மாவே கிடைக்கும். போபிங். நீங்கள் போய்ச் சேர்ந்து சில வாரத்தில் நடு இலையுதிர்காலப் பண்டிகை வரும், நிலாப் பண்டிகை. சீனா முழுக்க நிலாப் பணியாரம் தின்பார்கள்; ஷியாமென்காரர்கள் அதற்காகப் பகடை உருட்டுவார்கள். ஒரு பீங்கான் கிண்ணம், ஆறு பகடை. சிவப்பில் இருக்கும் நான்கு என்ற எண்தான் ராஜா. ஒரு நான்கு விழுந்தால் கடைசிப் பரிசு, இரண்டு விழுந்தால் அதற்கு மேல், நான்கு நான்குகள் விழுந்தால் 'ஜுவாங்யுவான்'. அரசாங்கத் தேர்வில் நாட்டிலேயே முதலாவதாக வந்தவனுக்குப் பழங்காலத்தில் கொடுத்த பட்டம் அது. மற்றப் பரிசுகளுக்கும் தேர்வுப் பட்டங்கள்தான் பெயர். மொத்தம் 63 பணியாரம்: 1, 2, 4, 8, 16, 32 என்று இரட்டிப்பாகப் பிரித்திருப்பார்கள். கொக்சிங்கா என்ற தளபதியின் வீரர்கள் ஊர் நினைப்பை மறக்க ஆடத் தொடங்கியது என்று சொல்வார்கள். இப்போது பணியாரத்துக்குப் பதில் ஷாம்பு, சமையல் எண்ணெய், போர்வை என்று வைத்து அலுவலகம் அலுவலகமாக ஆடுகிறார்கள். தாயக்கட்டை உருட்டிய கைக்கு இது பத்து நிமிடத்தில் பிடிபடும். எண்கள், பட்டங்கள், 'என் முறை', 'நீ ஏமாற்றுகிறாய்' எல்லாம் சீனத்தில் தானாக வாயில் வரும். ஒரு மேஜைக்கு யாராவது கூப்பிட்டால் மறுக்காதீர்கள். பகடை கிண்ணத்துக்கு வெளியே குதித்தால் அந்த முறை செல்லாது, அதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இப்போது சுவான்ஜோ பழைய நகரம். நான்கு பயணங்களில் இதைத் தவறவிட்டால் நான் கோபித்துக்கொள்வேன். (தெற்கே இருக்கும் குவாங்ஜோவோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். பயணச் சீட்டு எடுக்கும்போது இந்தத் தவறைச் செய்தவர்களை எனக்குத் தெரியும்.) சொங் காலத்திலும் அதற்கடுத்த யுவான் காலத்திலும் உலகத்தின் பெரிய துறைமுகங்களில் ஒன்று. 2021இல் அதன் 22 இடங்களைச் சேர்த்து யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. லுவோயாங் பாலமும் அதில் ஒன்று.

அங்கே 686இல் தோன்றிய காய்யுவான் புத்தக் கோயில் இருக்கிறது. குழுவோடு போனால் கிழக்கிலும் மேற்கிலுமாக நிற்கும் இரட்டைக் கற்கோபுரங்களைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நீங்கள் பெரிய மண்டபத்தின் பின்பக்கத்துக்குப் போங்கள். பதினாறு பட்டைத் தூண்கள் இரண்டு நிற்கும். கிட்டே போய்ப் பார்த்தால் வட்டத்துக்குள் நரசிம்மர் இரணியனை மடியில் போட்டுக் கிழிக்கிறார். இன்னொரு வட்டத்தில் இரண்டு மரங்களுக்கு நடுவே கண்ணன். நம் ஊர்த் தேரிலும் தூணிலும் பார்த்த அதே ஆட்கள், சீனப் புத்தக் கோயிலின் பின்வாசலில். இடிந்துபோன ஒரு இந்துக் கோயிலின் கற்கள் அவை. அந்த நகரில் 1281ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டு ஒன்றும் கிடைத்திருக்கிறது: சம்பந்தப் பெருமாள் என்பவர் அங்கே சிவனை எழுந்தருளுவித்த செய்தி, கீழே ஒரு வரி சீன எழுத்து. நகரின் கடல்வழிப் போக்குவரத்து வரலாற்று அருங்காட்சியகத்தில் சிவலிங்கத்தை யானை பூசிக்கும் சிற்பம் இருக்கிறது. திருவானைக்காவல் கதை தெரிந்த உங்களுக்குப் பலகையைப் படிக்க வேண்டிய அவசியமே வராது. கூட வரும் சீன நண்பருக்கு அன்றைக்கு நீங்கள்தான் விளக்கம் சொல்லப் போகிறீர்கள். நான் தட்டுத் தடுமாறி நரசிம்மர் கதையை முழுக்கச் சீனத்தில் சொன்னதுதான் அந்த மொழியில் நான் சொன்ன முதல் நீளமான கதை. 'வாசற்படி' என்ற சொல் தெரியாமல் படியில் உட்கார்ந்து காட்ட வேண்டியிருந்தது.

காய்யுவான் கோயில் வளாகத்திலேயே 1974இல் சேற்றிலிருந்து எடுத்த சொங் காலக் கப்பலும் இருக்கிறது. நடுநடுவே பலகைச் சுவர் வைத்து 13 அறைகளாகப் பிரித்த அடிப்பாகம். ஒரு அறையில் தண்ணீர் புகுந்தாலும் கப்பல் மூழ்காது. உள்ளே வாசனைக் கட்டைகளும் மிளகும் இருந்தன.

மூன்றாவதாக ஒன்றுக்கு நேரம் இருந்தால் சுவான்ஜோவின் நூல் பொம்மலாட்டம். ஒரு பொம்மைக்குப் பதினாறு நூலிலிருந்து முப்பது வரை இருக்கும். வகுப்பில் கையில் கொடுப்பார்கள். அதை நடக்க வைக்கவே வராது, குடித்துவிட்டு வந்தவன் மாதிரித் தள்ளாடும். பத்து நிமிடம் அப்படிப் போராடிவிட்டு, கலைஞர் அதே பொம்மையைக் குனிந்து ஒரு பொருளை எடுக்க வைப்பதைப் பாருங்கள். போராடாமல் பார்த்தால் 'அழகாக இருக்கிறது' என்று கைதட்டிவிட்டு வந்திருப்பீர்கள். கல் பிடிக்கும் என்றால் சுவான்ஜோவுக்கு உட்பட்ட ஹுயி ஆன் பக்கம் போய் 'யிங்தியாவ்' கேளுங்கள்: பளபளப்பாக இழைத்த கறுங்கல்லை எஃகு ஊசியால் கொத்திக் கொத்தி, வெள்ளைப் புள்ளிகளாலேயே படம் எழுப்பும் வேலை. ஒரு இலை கொத்த ஒரு மணி நேரம் ஆகும், தோள் கழன்றுவிடும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காகித வெட்டு நல்ல கலை, ஆனால் வகுப்பில் மடித்து வெட்டும் ஒரு வடிவத்தோடு முடியும்; யூடியூபில் கற்கலாம். முடிச்சுக் கலையும் அப்படியே. பழங்கால உடை வாடகைக்கு எடுத்துப் படம் எடுத்துக்கொள்வது தப்பில்லை, அதற்கு வகுப்பு என்று பெயர் வைத்துப் பணம் வாங்குவதுதான் தமாஷ். தாய்ச்சிக்குப் பணம் கட்ட வேண்டாம், காலையில் பூங்காவில் பின்வரிசையில் நின்றால் போதும், யாராவது ஒரு பாட்டி வந்து உங்கள் முழங்கையைத் திருத்துவார்.

ஜியாவ்ஸி பற்றி ஒன்று. நாம் கொழுக்கட்டை பிடித்தவர்கள், மடிப்பு சீக்கிரம் வந்துவிடும். ஆனால் அது வடக்கத்திச் சாப்பாடு. டிசம்பர் 21 அல்லது 22இல் வரும், ஆண்டின் மிகக் குறுகிய பகல் உள்ள நாளுக்குப் பல்கலைக்கழகத்தில் ஜியாவ்ஸி பிடிக்க வைப்பார்கள். அதே நாளில் ஷியாமென் வீடுகளில் பசையரிசி மாவில் சிவப்பும் வெள்ளையுமாக உருண்டை உருட்டுவார்கள், தங்யுவான். அறை எடுத்திருக்கும் வீட்டுக்கார அம்மாவிடமோ உணவகத்தில் சமைப்பவரிடமோ முன்கூட்டியே சொல்லி வையுங்கள், கூப்பிடுவார்கள்.

சைவம் என்றால் 'வோ ச்சிர் சு' (நான் சைவம்) என்பதை முதல் நாளே பழகுங்கள். காய்கறி என்று சொல்லிக் கொடுப்பதிலும் பன்றிக் கொழுப்பு இருக்கலாம், சுவான்ஜோவின் சேமியாக் கஞ்சி இறைச்சிச் சாற்றில்தான் கொதிக்கும். ஷியாமென் பல்கலைக்கழகத்தை ஒட்டியே இருக்கும் நான்புத்துவோ கோயிலின் சைவ உணவகம் கைகொடுக்கும்.

அக்டோபர் 1 முதல் 7 வரை தேசிய விடுமுறை. அந்த வாரம் எங்கும் கிளம்பாதீர்கள், தலைகள்தான் தெரியும். அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் திங்கள்கிழமை மூடியிருக்கும். ஷியாமெனிலிருந்து சுவான்ஜோ அதிவேக ரயிலில் அரை மணி நேரம் சொச்சம். பாஸ்போர்ட் இல்லாமல் ஏற முடியாது. 'சுவான்ஜோ' என்று மட்டும் பெயர் உள்ள நிலையத்தில் இறங்குங்கள். தெற்கு, கிழக்கு என்று பெயர் சேர்ந்த நிலையங்கள் பழைய நகரிலிருந்து தள்ளி இருக்கின்றன.

நீங்கள் கேட்காத ஒன்று. செமஸ்டர் நடுவில் வெளிநாட்டு மாணவர்களுக்கு ஆளுக்கொரு மேஜை கொடுத்து 'உங்கள் ஊர்ப் பண்பாட்டைக் காட்டுங்கள்' என்பார்கள். கோலம் போடுங்கள், கூட்டம் உங்கள் பக்கம்தான் நிற்கும், சுற்றி நின்று பார்ப்பவர்கள் கையிலும் கொடுத்துப் புள்ளி வைக்க விடுங்கள். வெள்ளைப் பொடியை விமானத்தில் கொண்டு போக யோசனையாக இருந்தால் விட்டுவிடுங்கள். அங்கே கடையில் கிடைக்கும் அரிசி மாவு ரொம்ப நைஸ், விரலிலிருந்து இழையாக விழாது. எந்தக் கல் பட்டறையிலாவது பளிங்குப் பொடி கேளுங்கள், ஒரு பை நிறைய சும்மாவே அள்ளித் தருவார்கள்.